சால்னா மிக்ஸில் அஜினமோட்டோ: மதுரைப் பக்கம் சிறு யூனிட் போடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கீழமாசி வீதியில் ஒரு கிலோ அஜினமோட்டோ வாங்க ஐந்து நிமிடம் போதும். அதையே உங்கள் பெயர் போட்ட பாக்கெட்டுக்குள் சட்டப்படி சேர்த்து விற்க இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும். புதிதாக மசாலா, சால்னா மிக்ஸ், சூப் பொடி யூனிட் தொடங்குகிறவர்களில் பலர் முதலில் கவர் அச்சடிக்கிறார்கள், அப்புறம் ரெசிபியைத் தேடுகிறார்கள், அதற்கும் பிறகு உரிமத்துக்கு அலைகிறார்கள். பணம் வீணாவது இங்கேதான். கவர் கடைசியில் வர வேண்டியது. கீழே எல்லாவற்றுக்கும் சால்னா கிரேவி மிக்ஸையே உதாரணமாக வைத்திருக்கிறது. சூப் பொடிக்கும் இதே வரிசைதான்.

1. எந்தத் தூள் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

அஜினமோட்டோ என்பது கம்பெனிப் பெயர். சரக்கின் பெயர் மோனோசோடியம் குளுட்டமேட் (சுருக்கமாக எம்எஸ்ஜி), சேர்க்கைப் பொருள் எண் 621. கரும்புச் சர்க்கரைப் பாகு, மரவள்ளி அல்லது மக்காச்சோள மாவுச்சத்தை நுண்ணுயிரால் நொதிக்கவைத்துத் தயாரிப்பது. இது தனியாகவும் வேலை செய்யும்.

இரண்டாவது சரக்கு 635. சந்தையில் 'ஐ பிளஸ் ஜி' என்று கேட்டால் தருவார்கள். இனோசினேட் 631, குவானிலேட் 627 இரண்டும் பாதிக்குப் பாதி சேர்ந்தது. தனியாகப் போட்டால் பெரிய பலன் இல்லை. 621 உடன் மிகச் சிறிய அளவில் சேர்ந்தால் சுவையைப் பல மடங்கு தூக்கிக் காட்டும். கருவாட்டுக் குழம்பில் தக்காளி போட்டால் ஏன் அப்படி இழுக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம். கருவாட்டில் இனோசினேட், தக்காளியில் குளுட்டமேட்.

மூன்றாவது வகை ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன். '621 இல்லாமலே அதே ருசி' என்று சொல்லி விற்பார்கள். இவற்றிலும் குளுட்டமேட் உண்டு. சோயா, கோதுமையிலிருந்து எடுத்ததாக இருந்தால் ஒவ்வாமை அறிவிப்பும் லேபிளில் வர வேண்டும். புதிதாக வருபவர் இதில் இறங்க வேண்டாம். விலையும் கூடுதல், காகித வேலையும் கூடுதல்.

2. பொருளுக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?

எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தப் படிதான். எந்த உணவில் எந்தச் சேர்க்கைப் பொருள் போடலாம் என்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 ஆம் ஆண்டு விதிகளின் பின்னிணைப்பு 'ஏ' வகை வகையாகச் சொல்கிறது. அதைத் திறந்து உங்கள் பொருள் எந்த எண்ணில் விழுகிறது என்று பாருங்கள்.

ஒரே தூளைச் 'சால்னா மசாலா' என்றால் மசாலாப் பொருள்களின் வரிசையான 12.2 க்குப் போகும். 'சால்னா கிரேவி மிக்ஸ்' என்றால் குழம்பு, சாஸ் கலவைகளுக்கான 12.6.3 க்குப் போகும். வரிசை மாறினால் அனுமதியும் மாறும். வெறும் மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள் தூளில் 621 போட இடமே இல்லை. மிக்ஸ்டு மசாலாத் தூள் என்று எழுதினால் அதில் மசாலாச் சாமான் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்ற தர விதி வேறு வந்து நிற்கும். குழந்தைகளுக்கான உணவில் எந்தப் பெயரிலும் கிடையாது.

நூடுல்ஸில் இந்த நுணுக்கம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. காய்ந்த நூடுல்ஸ் கட்டியில் 621 சேர்க்கக் கூடாது. அதே பாக்கெட்டுக்குள் வரும் மசாலாப் பொட்டலத்தில் சேர்க்கலாம். ஒரே கவர்தான், ஆனால் விதி இரண்டு.

உங்கள் வரிசையில் 621 க்கும் 635 க்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஃபைலில் வையுங்கள். ஆய்வுக்கு வரும் அலுவலரிடம் வாயால் வாதாடுவதைவிட அந்தத் தாளை நீட்டுவது எளிது. குழப்பம் இருந்தால் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உள்ள சமுதாய அறிவியல் கல்லூரியிலும் மபிஃப் தொழில் வளர் மையத்திலும் உணவுப் பதப்படுத்தல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கவர் அச்சடித்த பிறகு போகாமல் இந்தக் கட்டத்திலேயே போய்க் கேளுங்கள்.

3. பதிவு, உரிமம், தராசு

விண்ணப்பம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத் தளமான போஸ்காஸில். 2011 விதிகள் வந்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு, கட்டணம் ஆண்டுக்கு ₹100 என்று இருந்தது. அதற்கு மேல் மாநில உரிமம்: நாளொன்றுக்கு ஒரு டன்னுக்குள் தயாரிப்பவருக்கு ₹3,000, அதைத் தாண்டினால் ₹5,000 என்று இருந்தது. வரம்பையும் கட்டணத்தையும் அவ்வப்போது திருத்துவார்கள். விண்ணப்பிக்கும் நாளில் தளம் காட்டும் தொகைதான் செல்லும், ஏஜென்ட் சொல்லும் தொகை அல்ல.

பதிவுக்குப் புகைப்படம், அடையாள அட்டை, இட முகவரிச் சான்று போதும். உரிமம் என்றால் பட்டியல் நீளும். இடத்தின் வரைபடம், இயந்திரப் பட்டியல் குதிரைத்திறனோடு, வாடகை ஒப்பந்தம், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, தயாரிக்கப்போகும் பொருள்களின் பட்டியல் என எல்லாம் கேட்பார்கள். இழுத்தடிப்பது பெரும்பாலும் தண்ணீர் அறிக்கைதான். போர் தண்ணீர் என்றால் முதல் வாரமே மாதிரி கொடுத்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் 'உணவு தயாரிப்புக்காக' என்ற சொல் இருக்கட்டும். வீட்டு உபயோகத்துக்கு என்று எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு மாடி அறையில் யூனிட் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

பதிவு விண்ணப்பத்துக்கு 7 நாளில் பதில் வர வேண்டும்: ஒன்று பதிவு, அல்லது நிராகரிப்பு, அல்லது ஆய்வுக்கு வருகிறோம் என்ற அறிவிப்பு. உரிமத்துக்கு 60 நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் குறை கேட்டு வரும் செய்தி போர்ட்டலிலேயே கிடக்கும். வாரத்துக்கு இரண்டு முறையாவது உள்ளே போய்ப் பாருங்கள். பதில் சொல்லாமல் விட்டால் விண்ணப்பம் தள்ளுபடி, கட்டிய பணம் திரும்பாது.

உரிமத்தில் பொருளின் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டாம் படியில் முடிவு செய்த எண்ணையே போடுங்கள். உரிமத்தில் மசாலா, பாக்கெட்டில் கிரேவி மிக்ஸ் என்று இருந்தால் அதுவே தனிக் குற்றம்.

பாக்கெட் போட்டு விற்பதால் எடையளவுத் துறையில் பேக்கர் பதிவும் வேண்டும். கட்டணம் ₹500, பேக்கிங் தொடங்கி 90 நாளுக்குள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் காசே கிடையாது. 'உத்யம்' என்று தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளித்து ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் முதலில் வரும். முகவரி அரசின் இணைய முகவரியாக முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆதார் எண்ணைக் கொடுங்கள்.

4. சரக்கு வாங்கும்போது

621 பெரும்பாலும் 25 கிலோ மூட்டையில் வரும். சில்லறையாகப் பிரித்துத் தருவதை வாங்காதீர்கள். பிரித்த சரக்கில் பேட்ச் எண் இருக்காது, உப்பு கலந்திருந்தாலும் தெரியாது. மூட்டை அதிகம் என்று தோன்றினால் இரண்டு மூன்று யூனிட்காரர்கள் சேர்ந்து வாங்குங்கள். ஆனால் பில்லும் பகுப்பாய்வுச் சான்றும் ஒவ்வொருவர் ஃபைலிலும் இருக்கட்டும்.

சான்றில் நான்கு வரி பாருங்கள். தூய்மை 99 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. உலர்த்தும் இழப்பு (உலர்த்தினால் குறையும் எடை) 0.5 சதவீதத்துக்குள். ஐந்து சதவீதக் கரைசலின் பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6.7 முதல் 7.2 வரை. பேட்ச் எண் மூட்டையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளரின் பெயரும் அவருடைய உணவு உரிம எண்ணும் மூட்டையில் இருக்க வேண்டும்.

கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்று போதும். ஒரு சிட்டிகையைக் கறுப்புத் தாளில் பரப்புங்கள். 621 நீளவாக்கில், ஊசியை ஒடித்துப் போட்டதுபோல இருக்கும். உப்பு சதுரக் கட்டை. ஊசிகளுக்கு நடுவே கட்டைகள் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். பொடியாக அரைத்த சரக்கில் இது தெரியாது என்பதால் முதல் மூட்டையைப் படிகமாகவே வாங்குவது நல்லது.

635 க்கு இன்னும் இரண்டு தாள் வேண்டும். இனோசினேட்டை மீன், இறைச்சியிலிருந்தும் எடுக்க முடியும், நொதித்தல் முறையிலும் எடுக்க முடியும். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி போடப்போகிறீர்கள் என்றால் 'சைவ மூலம்' என்று விற்பவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். பிரியாணி, பரோட்டாக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் திட்டம் இருந்தால் ஹலால் சான்றையும் அப்போதே கேளுங்கள். பிறகு கேட்டால் அந்த பேட்ச்சுக்குக் கிடைக்காது.

ரெடிமேட் சீசனிங் வாங்கிக் கலப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் உட்பொருள் பட்டியலை எழுத்தில் வாங்காமல் ஒரு கிலோகூட எடுக்காதீர்கள். அதற்குள் 621 இருந்தால் உங்கள் பாக்கெட்டிலும் அறிவிக்க வேண்டும். 'நாங்கள் சேர்க்கவில்லை, சீசனிங்கில் இருந்தது' என்ற பதில் எடுபடாது.

5. அளவுக் கணக்கு

'0.3 சதவீதம் போடு' என்று யாராவது சொல்வார்கள். எதில் 0.3 என்று கேளுங்கள். தட்டில் ஊற்றும் சால்னாவில்தான், பாக்கெட்டில் உள்ள தூளில் அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு பத்தில் ஒரு பங்கு போட்டுவிட்டு, சரக்கு போலி என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

50 கிராம் பாக்கெட் 500 மில்லி சால்னா தரும் என்று வைத்துக்கொள்வோம். 500 மில்லிக்கு 0.3 சதவீதம் என்றால் 1.5 கிராம். அதாவது தூளில் 3 சதவீதம். பத்துக் கிலோ பேட்ச்சில் 200 பாக்கெட், அதற்கு 621 வேண்டியது 300 கிராம். 635 ஐ 621 இன் இரண்டு சதவீதமாக வைத்தால் 6 கிராம். பொதுவாகப் புழங்கும் அளவு உணவில் 0.1 முதல் 0.8 சதவீதம் வரை. அதற்கு மேல் போட்டால் ருசி கூடாது, நாக்கில் ஒட்டிக்கொண்டு திகட்டும்.

உப்பையும் சேர்த்துத் திருத்துங்கள். உப்பில் சோடியம் 39 சதவீதம், 621 இல் 12 சதவீதம். பத்துக் கிலோவுக்கு 900 கிராம் உப்பு போட்டுவந்தீர்கள் என்றால், 300 கிராம் 621 சேர்த்ததும் உப்பை 800 கிராமாகக் குறைத்தால்தான் மொத்தச் சோடியம் பழைய இடத்தில் நிற்கும். ருசியும் குறையாது, 621 உப்புச் சுவையை ஏந்திப் பிடிக்கும். குறைக்காமல் விட்டால் முதல் புகார் 'உப்பு கரிக்கிறது' என்றுதான் வரும்.

புளிப்பான பொருளில் இந்தக் கணக்கு ஓடாது. பிஹெச் ஐந்துக்குக் கீழே இறங்க இறங்க 621 இன் சுவை மங்கும். புளி ரசப் பொடியில் அளவைக் கூட்டிக்கொண்டே போவது காசைக் கரைப்பது.

செலவு? 621 கிலோ ₹200, 635 கிலோ ₹1,500 என்று கணக்குக்காக வைத்தால் ஒரு பாக்கெட்டுக்கு 30 காசும் நாலரைக் காசும். சந்தை விலை எப்படி ஏறி இறங்கினாலும் தூள் உங்களைக் கவிழ்க்காது. 621 இன் எச்எஸ்என் எண் (ஜிஎஸ்டியில் சரக்கை அடையாளம் காட்டும் எண்) 29224220, ஜிஎஸ்டி 18 சதவீதம். ஜிஎஸ்டியின் காம்போசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருப்பவர் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் அதையும் அடக்க விலையில் சேருங்கள்.

6. கலக்கும் முறை

பத்துக் கிலோ தூளில் 6 கிராமை அப்படியே கொட்டினால் ஐந்து பாக்கெட்டில் எல்லாம் போய்விடும், மீதியில் ஒன்றும் இருக்காது. ஏணி வைத்து ஏறுங்கள். 6 கிராம் 635 ஐ 0.1 கிராம் காட்டும் சிறு தராசில் நிறுத்து, 300 கிராம் 621 உடன் கலக்கவும். அதை 800 கிராம் உப்போடு சேர்க்கவும். அந்தக் கலவையை இரண்டு கிலோ மசாலாவோடு. அப்புறம்தான் மொத்தம். ஒவ்வொரு ஏணிப்படியிலும் மூன்று நான்கு நிமிடம்.

துகள் அளவு ஒத்திருக்க வேண்டும். பெரிய படிகமாக உள்ள 621 ஐ நைசான மசாலாவோடு கலந்தால், பாக்கெட் போடும் இயந்திரத்தின் அதிர்வில் படிகம் அடியில் இறங்கிவிடும். முதல் பாக்கெட் ஒரு ருசி, கடைசிப் பாக்கெட் வேறு ருசி. 80 முதல் 100 மெஷ் சல்லடையில் இறங்கும் அளவுக்குப் பொடியாக்கிச் சேருங்கள். உப்பும் அதே நைசு.

கலந்தது சரியா என்று பார்க்க டிரம்மின் மேல், நடு, அடி மூன்று இடத்தில் பத்துப் பத்துக் கிராம் எடுத்து, நூறு மில்லி தண்ணீரில் கரைத்து உப்பு மீட்டரில் பாருங்கள். உப்பு மூன்றிலும் ஒன்றாக இருந்தால், அதே நைசில் அதனோடு போன 621 உம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

635 க்குப் பச்சைச் சாமான் ஆகாது. பச்சை இஞ்சி, பூண்டு, வறுக்காத மாவு இவற்றில் உள்ள பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஈரம் பட்டவுடன் இனோசினேட்டைத் தின்றுவிடும். பேஸ்ட் போடுபவர்கள் முதலில் 85 டிகிரிக்குச் சூடாக்கி நொதியை அடக்கிவிட்டு, அதற்குப் பிறகு 635 ஐச் சேர்க்க வேண்டும். தூள் மிக்ஸில் வறுத்து அரைத்த சாமானாகப் பார்த்துப் போடுங்கள். 'வெந்நீரில் கரைத்து உடனே கொதிக்கவிடவும்' என்று பாக்கெட்டில் எழுதுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அரைமணி வைத்துவிட்டால் போட்ட 635 காணாமல் போகும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 635 டப்பாவைத் திறந்து வைத்தால் மதியத்துக்குள் கட்டி பிடிக்கும். அந்த இரண்டு மாதமும் காலையில் நிறுத்து, டப்பாவை மூடி, அப்புறம் மற்ற வேலை.

7. லேபிள்

உட்பொருள் பட்டியலில் 'சுவைகூட்டி' என்ற வகைப் பெயரோடு எண்களும் வர வேண்டும். 621 சேர்த்த பாக்கெட்டில் மோனோசோடியம் குளுட்டமேட் சேர்க்கப்பட்டுள்ளது, 12 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்ற அறிவிப்பு கட்டாயம். வாசகத்தை உங்கள் சொந்த நடையில் எழுதாதீர்கள். லேபிளிங் விதியின் நடப்புப் பதிப்பில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு சொல் மாறாமல் எடுத்துப் போடுங்கள். மற்றொரு கம்பெனி பாக்கெட்டைப் பார்த்துக் காப்பி அடிப்பதும் ஆபத்து, அது பழைய விதியாக இருக்கலாம். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி இந்தியில் இருந்தாக வேண்டும். தமிழிலும் போடலாம், போடுங்கள். தமிழில் மட்டும் போட்டால் செல்லாது.

'அஜினமோட்டோ இல்லை', 'நோ எம்எஸ்ஜி' என்று போடும் ஆசை எல்லோருக்கும் வரும். போடாதீர்கள். தக்காளித் தூள், ஈஸ்ட், சோயா எதிலிருந்தும் குளுட்டமேட் வரும். இயற்கையாக வந்ததா சேர்த்ததா என்று ஆய்வகத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. இதை ஒப்புக்கொண்டுதான் ஆணையம் 2016 மார்ச் 31 அன்று ஓர் உத்தரவு போட்டது. 'நோ எம்எஸ்ஜி' அல்லது 'நோ ஆடட் எம்எஸ்ஜி' என்று எழுதிய பாக்கெட்டில் அது இருப்பது தெரிந்தால் வழக்குத் தொடரலாம் என்பது அதன் சாரம். சேர்க்காதவரும் அந்த வரியை எழுதினால் தானாகப் போய் மாட்டிக்கொள்கிறார். தவறான லேபிளுக்கு அபராதம் ₹3 லட்சம் வரை.

அதே உத்தரவின்படி சேர்த்தார்களா என்பதைத் தயாரிக்கும் இடத்தில்தான் பார்ப்பார்கள். ஆகவே வாங்கிய பில், பேட்ச் ஏடு, கையிருப்புக் கணக்கு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். 25 கிலோ வாங்கி, ஏட்டில் 18 கிலோ எழுதி, மூட்டையில் மூன்று கிலோ இருந்தால் பதில் சொல்ல முடியாது.

வாடிக்கையாளர் 'இது உடம்புக்குக் கெடுதிதானே?' என்று கேட்பார். சர்வதேச நிபுணர் குழுவான ஜெக்ஃபா 1987 இல் இதற்கு உச்ச வரம்பு தேவையில்லை என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை 2017 இல் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வேண்டாம் என்பவருக்கு வேண்டாம்.

8. கவர் இப்போதுதான்

அச்சடித்த ரோல் என்றால் நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும், குறைந்தபட்சம் இத்தனை கிலோ எடு என்பார்கள். ஒரு வரி மாறினாலும் அந்த நிறத்தின் சிலிண்டர் வீண். எனவே முதல் மூன்று மாதம் வெற்றுப் பவுச், மேலே முழு விவர ஸ்டிக்கர். அழகு குறைவுதான். ஆனால் உப்பு அளவு, ஊட்டச்சத்து எண், முகவரி எது மாறினாலும் நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

ஸ்டிக்கருக்கு முன் ஒரு பேட்ச்சை ஆணையம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பி ஊட்டச்சத்து அறிக்கை வாங்குங்கள். ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். சோடியம் எண் ஐந்தாம் படிக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெகுவாக வித்தியாசப்பட்டால் கலவை சரியில்லை என்று அர்த்தம், ஆய்வகத்தைக் குறை சொல்ல ஓடாதீர்கள். ஸ்டிக்கரில் 14 இலக்க உரிம எண், நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த விலை, ஒரு கிராமுக்கு விலை, பேட்ச், தேதி, புகார் சொல்லத் தொலைபேசி இவை விடுபடக் கூடாது. கிராம் விலையை மறப்பவர்கள்தான் அதிகம்.

9. கடைக்குப் போன பிறகு

ஒவ்வொரு பேட்ச்சிலும் நான்கு பாக்கெட்டை எடுத்து, காலாவதி தேதி தாண்டும்வரை நிழலான அலமாரியில் வையுங்கள். மாதம் ஒன்றைப் பிரித்துக் கட்டி பிடித்திருக்கிறதா, மணம் போயிருக்கிறதா என்று பார்த்து ஏட்டில் எழுதுங்கள். கடைக்காரர் பழைய பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போடும் நாளில் அந்த ஏடுதான் பேசும். உரிமம் பெற்ற தயாரிப்பாளர்கள் முந்தைய நிதியாண்டின் டி1 என்ற ஆண்டுக் கணக்கை மே 31 க்குள் போஸ்காஸில் ஏற்ற வேண்டும். தாமதமானால் நாளுக்கு ₹100. சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு அதை முடித்துவிடுங்கள். மே கடைசி வாரம் தளம் திணறும்.